களத்துச் ‘சுதந்திரம்’: பணமில்லாப் பரிவர்த்தனை குறித்துச் சில குறிப்புகள்

1

கைவினைப் பொருளுக்கும் கலைக்கும் பணம் கொடுப்பதற்குப் பதில் நமது நேரத்தையும் நமக்குத் தெரிந்த வேலையையும் கொடுப்பது என்கிற யோசனை, மாற்று அரசியல் பேசும் நண்பர்களிடையே அவ்வப்போது தலைகாட்டுவதுண்டு. ஓவியர் ஒரு படம் தருகிறார். பெற்றுக்கொண்டவர் ஓவியரின் மகளுக்கு மூன்று மாதம் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நெசவாளி ஒரு துண்டு தருகிறார். வாங்கியவர் அவர் வீட்டு வயரிங்கைச் சரிசெய்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தரகர் இல்லை, விலைப்பட்டியல் இல்லை, மனிதரும் மனிதரும் நேருக்கு நேர். நானும் இதை நம்பியவன்தான், கூட்டங்களில் பேசியவன்தான். இந்த நம்பிக்கை எங்கே சறுக்கியது, சறுக்கிய பிறகும் அதில் மிஞ்சுவது என்ன என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

சறுக்கிய இடம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு குயவர் வீடு. ஐயனார் கோயில்களுக்குப் புரவி செய்து தரும் குடும்பம். இடுப்பு உயரத்தில் ஒரு சுடுமண் குதிரை வேண்டும் என்று கேட்டேன். விலை பேசுவதற்கு முன்னால் எனது கொள்கையை விளக்கினேன். நீங்கள் எத்தனை மணி நேரம் உழைக்கிறீர்களோ அத்தனை மணி நேரம் நான் உங்களுக்கு உழைக்கிறேன், உங்கள் கலையைப் பற்றிக் கட்டுரை எழுதித் தருகிறேன், படத்தோடு அச்சில் வரும் என்றேன். பெரியவர் சும்மா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் பேசினார்: “ஏந்தம்பி, காசில்லாம பான குடுத்த காலமெல்லாம் நாங்க பாக்காததா? எங்க மாமனாரு காலம் பூரா களத்துமேட்டுல துண்ட விரிச்சுக்கிட்டு நின்னவருதான். காசா குடுத்தா செஞ்சு தர்றோம். இல்லாட்டி இன்னொரு நாளைக்கி வாங்க.”

திரும்பி வருகையில் அவமானமாக இருந்தது. ‘சந்தை இவர்களையும் கெடுத்துவிட்டது’ என்று வழக்கம்போல ஒரு சமாதானமும் மனதில் எழுந்தது. அந்தச் சமாதானம் எவ்வளவு திமிரானது என்பது புரிய எனக்கு நாளாயிற்று. அந்த அம்மா சொன்னது ஒரு விலை பேச்சு அல்ல. ஒரு கோட்பாட்டு விமர்சனம்.

2

இந்த யோசனையின் வரலாற்றை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1827 மே மாதம் ஜோசையா வாரன் ஒரு கடை திறந்தார். அதற்கு ‘நேரக் கடை’ என்று பெயர். வாரன் இசைக்கலைஞர், விளக்கிலும் அச்சுப்பொறியிலும் புதிய அமைப்புகளைக் கண்டுபிடித்தவர், ராபர்ட் ஓவன் இண்டியானாவில் நிறுவிய நியூ ஹார்மனி கூட்டுக் குடியிருப்பில் வாழ்ந்து, அது நொறுங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர். கடையில் ஒரு கடிகாரம் இருந்தது. பொருளின் அடக்கவிலையையும் கடைச் செலவுக்கான ஒரு சிறு சதவீதத்தையும் பணமாகத் தர வேண்டும். கடைக்காரர் உங்களுக்காகச் செலவழித்த நேரத்துக்குப் பணம் கிடையாது. அத்தனை நிமிடம் உங்கள் தொழிலில் உழைத்துத் தருவதாக ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வாரன் பொருளுக்கான செலவையும் மனித நேரத்தையும் பிரித்து வைத்தார். முன்னதற்குப் பணம், பின்னதற்கு உழைப்பு. இரண்டு, எல்லோருடைய ஒரு மணியும் ஒன்றே என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவில்லை. யாரும் செய்ய விரும்பாத, வெறுப்பூட்டுகிற வேலைக்கே மிக அதிகமான ஈடு தரப்பட வேண்டும் என்பது அவர் நிலை. பிற்காலத்தில் தமது உழைப்புச் சீட்டுகளிலேயே இதை அச்சிட்டார். நமது சாதியச் சமூகத்தில் இந்த ஒற்றை வாக்கியத்தை அமல்படுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1830இல் வாரன் கடையை மூடினார். நட்டம் வந்து மூடவில்லை. நிரூபிக்க நினைத்ததை நிரூபித்தாயிற்று என்று மூடினார்.

வாரனின் குரு ஸ்தானத்தில் இருந்த ஓவன் 1832 செப்டம்பரில் லண்டனில் கிரேஸ் இன் சாலையில் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தார். தையல்காரர், செருப்புத் தொழிலாளி, தச்சர் எல்லோரும் தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து கொடுத்து, மணிக்கணக்கில் மதிப்பிட்ட உழைப்பு நோட்டுகளைப் பெற்றுக்கொண்டு, அந்த நோட்டுக்கு வேறு பொருளை எடுத்துச் செல்லலாம். சரி, ஒரு ஜோடிச் செருப்பு எத்தனை மணி என்று எப்படித் தீர்மானித்தார்கள்? மூலப்பொருளின் சந்தை விலையையும் அந்தத் தொழிலின் வழக்கமான கூலியையும் கூட்டி, மணிக்கு 6 பென்ஸ் என்று வகுத்தார்கள். அதாவது முன்வாசலில் துரத்தப்பட்ட பணம் கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. தேவையுள்ள பொருட்கள் உடனே காணாமல் போயின. யாருக்கும் வேண்டாதவை அலமாரியில் தங்கின. 1834இல் கதை முடிந்தது.

மார்க்ஸ் இத்தகைய உழைப்புப் பணத் திட்டங்களைத் தொடர்ந்து விமர்சித்தவர். 1847இல் புரூதோனுக்கு எழுதிய மறுப்பிலும், 1859இல் ஜான் கிரே பற்றி எழுதியபோதும் அவர் வாதம் ஒன்றே: தனித்தனி உற்பத்தியாளர்கள் தத்தம் போக்கில் செய்துகொண்டு வந்து கொடுக்கும் பொருளில் அடங்கிய நேரம் நேரடியாகச் சமூக நேரமாக ஆகிவிடாது. நான் பத்து மணி நேரம் தடவித்தடவிச் செய்த நாற்காலியைத் தேர்ந்த தச்சர் இரண்டு மணியில் செய்வார் என்றால், சமூகம் ஏற்பது இரண்டையே. ஓவனின் நோட்டை மட்டும் மார்க்ஸ் ‘மூலதன’த்தில் சற்று வேறாகப் பார்த்தார்: உழைப்பு ஏற்கெனவே கூட்டாகத் திட்டமிடப்பட்ட இடத்தில் அது பணமே அல்ல, நாடகக் கொட்டகை டிக்கெட் மாதிரி, உள்ளே போவதற்கான ஒரு அத்தாட்சி. நமக்கு இது முக்கியம். நேரச் சீட்டு உறவை உண்டாக்காது. ஏற்கெனவே உள்ள உறவைத்தான் அது பதிவு செய்யும். உறவு எப்படியோ சீட்டும் அப்படி.

3

கலை என்று வரும்போது இன்னொரு முடிச்சு விழுகிறது. 1878இல் ஓவியர் விஸ்லர், விமர்சகர் ரஸ்கின் மீது தொடுத்த அவதூறு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்வி பிரசித்தமானது: இரண்டு நாள் உழைப்புக்கா இருநூறு கினி கேட்கிறீர்? இல்லை, ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்கு என்றார் விஸ்லர். வழக்கில் வென்றார், நட்ட ஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. நமது கலை ரசிகர்கள் இந்தப் பதிலை மெச்சிக் கொள்வார்கள். ஆனால் ஒரு ஓவியருக்குச் செல்லுபடியாகும் இந்தத் தர்க்கம் குயவருக்குச் செல்லுபடியாவதில்லை என்பதைக் கவனிக்க மாட்டார்கள். ‘வாழ்நாள் அறிவு’ ஓவியருக்குத் திறமை. குயவருக்கு அது ‘பரம்பரைத் தொழில்’. ரத்தத்தில் வருவதற்கு யார் சம்பளம் தருவார்கள்?

ஒரு சுடுமண் குதிரைக்கு எத்தனை மணி நேரம்? கண்மாயிலிருந்து மண் கொண்டுவந்து, உடைத்து, ஊறவைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, மணல் சேர்த்து மிதித்து, நாலு காலையும் உள்ளே கூடாக வைத்து எழுப்பி, அது கொஞ்சம் இறுகும் வரை காத்திருந்து உடம்பைக் கட்டி, மறுபடி காத்திருந்து கழுத்தும் தலையும் வைத்து, நிழலில் நாள்கணக்கில் காயவிட்டு, விறகும் வைக்கோலும் அடுக்கிச் சூளை போட வேண்டும். காத்திருக்கும் நேரம் வேலையா, ஓய்வா? மழைக் காற்று அடித்தால் நடுராத்திரியில் எழுந்து மூட வேண்டுமே, அது? சூளையில் வெடித்துப்போன குதிரையின் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? இ. பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்குகிறார்: தொழிற்சாலைக்கு முந்தைய உழைப்பு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வேலையைப் பார்க்கிறது. ஆக ‘மணிக்கு மணி’ என்று நான் நீட்டிய சமத்துவமே ஆலைச் சங்கின் மொழிதான்.

மணிக்கு மணி என்பது நன்றாக வேலை செய்த இடங்களும் உண்டு. 1973இல் ஒசாகாவில் தெருகோ மிசுஷிமா பெண்களைக் கொண்டு ஒரு உழைப்பு வங்கி தொடங்கினார். குழந்தை பார்ப்பது, நோயாளி பார்ப்பது, சமைப்பது எனக் கூலியே இல்லாத வேலைகளை மணிக்கணக்கில் வரவு வைத்து, தேவைப்படும்போது திரும்பப் பெறும் ஏற்பாடு. எட்கர் கான் 1980களில் அமெரிக்காவில் தொடங்கிய ‘நேர டாலர்’ இதே தர்க்கம். சந்தை பூஜ்யம் என்று எழுதிவைத்த உழைப்புக்கு ஒரு எண் கிடைப்பதே அங்கு ஒரு அரசியல். கலைஞர்களுக்குள்ளும் நடந்திருக்கிறது. ஜூலியெட்டா அராண்டாவும் அண்டன் விடோக்லெவும் உருவாக்கிய ‘நேர வங்கி’ 2012இல் காசல் நகரின் டாக்குமெண்டா கண்காட்சி வரை போனது. மொழிபெயர்ப்பவர், படம் தொங்கவிடுபவர், எழுதுபவர் ஒருவருக்கொருவர் மணிகளை மாற்றிக்கொண்டார்கள். இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. உள்ளே வந்தவர்கள் தாமாக வந்தார்கள். வேண்டாம் என்றால் போய்விடலாம். நமது களத்துமேட்டில் அது இருந்ததா?

4

தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான் ஆகியோருக்கு அறுவடையின்போது களத்தில் நெல் அளந்து கொடுப்பது தமிழக கிராமங்களில் நீண்ட கால வழக்கம். இந்தப் பங்குக்கு ‘மேரை’ என்று பெயர். இன்னொரு பெயர் ‘சுதந்திரம்’. ஆமாம், அதே வார்த்தைதான். வெள்ளைக்காரனிடமிருந்து நாம் வாங்கியதாகச் சொல்லப்படுவதற்கும், களத்தில் துண்டில் விழுந்த நெல்லுக்கும் ஒரே பெயர். செங்கல்பட்டுச் சீமையில் 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் எடுத்த கணக்கில் இப்படிப் பொதுக் குவியலிலிருந்து கோயிலுக்கும் ஊழியக்காரர்களுக்கும் போன பங்குகள் ஊர் ஊராகப் பதிவாகியுள்ளன. தரம்பால் முதலானோர் இந்த ஆவணங்களைக் கொண்டு, காலனியத்துக்கு முன் நமது கிராமங்கள் தம்மைத் தாமே நிர்வகித்துக்கொண்ட சமூகங்களாக இருந்தன என்று வாதிட்டார்கள். பணமில்லாப் பரிவர்த்தனை பேசும் நண்பர்கள் பலருக்கும் இது ஒரு இழந்த சொர்க்கம்.

பதிவுகள் பொய் அல்ல. பங்கு இருந்தது, உரிமை என்ற பெயரிலேயே இருந்தது. கேள்வி வேறு. எந்தச் சுதந்திரம் இது? குயவர் பானை தர மாட்டேன் என்று சொல்லும் சுதந்திரமா? குயவர் மகன் இரும்பு அடிக்கும் சுதந்திரமா? வண்ணார் வீட்டுப் பெண் பேறுகாலத் தீட்டுத் துணியை வெளுக்க மறுக்கும் சுதந்திரமா? சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கியது என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அளக்கிற மரக்கால் ஒருவர் கையில்; ஏந்துகிற துண்டு இன்னொருவர் கையில். அந்த வருடம் விளையாவிட்டால் துண்டு வெறுந்துண்டு. பானைக்கும் நெல்லுக்கும் இடையில் எத்தனை மாதம் போகலாம் என்பதை முடிவு செய்பவரும் மரக்கால் வைத்திருப்பவரே. மார்சல் மாஸ் 1925இல் கொடை பற்றி எழுதும்போது கொடுத்தல், வாங்குதல், திருப்பிக் கொடுத்தல் என்ற மூன்று கடமைகளைச் சொன்னார். நமது களத்தில் நாலாவதாக ஒன்று இருந்தது: மறுக்காமல் இருத்தல்.

இந்தப் பின்னணியில்தான் பணத்தின் இன்னொரு முகம் தெரிகிறது. பணம் உறவுகளை உலர்த்திவிடுகிறது என்று நாம் புலம்புகிறோம். உலர வேண்டிய உறவுகள் இருக்கின்றன அல்லவா? காசைக் கீழே வைத்துவிட்டுப் பானையை எடுத்துப் போகிறவன் மறுநாள் வந்து ‘நம்ம குயவன்’ என்று உரிமை கொண்டாட முடியாது. பறை இதற்கு நல்ல உதாரணம். சாவுக்குப் பறையடிப்பது ஊருக்குச் செய்ய வேண்டிய கட்டாய ஊழியமாக இருந்தவரை அதை யாரும் கலை என்று அழைக்கவில்லை. அடிக்க மாட்டோம் என்று தலித்துகள் மறுத்த பிறகே, அதற்காகப் பல ஊர்களில் அடிபட்ட பிறகே, பறை மேடைக்கு வந்தது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று தொகை பேச முடிந்தது. மறுப்புதான் ஊழியத்தைக் கலையாக மாற்றியது.

உடனே பணத்துக்கு நான் பரணி பாடுவதாக நினைக்க வேண்டாம். முன்பணம் கொடுத்தே நெசவாளியைத் தறியோடு கட்டிப்போடுவதை நாம் அறிவோம். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது, பணமாகக் கொடுத்த கடனும் மனிதரை அடிமையாக்கும் என்பதால்தானே? சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதையும் இருக்கிறது. கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் அது அமைவதற்குப் பின்னால் பத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணம் இருந்தது. கைவினையை விற்று ஓவியத்துக்கான நேரத்தை வாங்கினார்கள். கூட்டாகச் செய்த அரிய காரியம் அது, சந்தேகமில்லை. ஆனாலும் கைவினைக்கு மேலே ‘கலை’ என்ற படிநிலை அதில் அப்படியே இருந்தது. குயவருக்கு எதை விற்று எதற்கான நேரத்தை வாங்குவது?

பணமா நேரமா என்பது அடிப்படைக் கேள்வி அல்ல. யார் மறுக்கலாம், யார் அளக்கலாம், யார் முடித்துக்கொள்ளலாம் என்பதே கேள்வி.

5

கொஞ்ச நாள் கழித்து மறுபடி போனேன். இம்முறை கொள்கை எதையும் விளக்கவில்லை. பணத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவராகவே ஒரு கணக்குச் சொன்னார்: “மண்ணுக்கும் வெறகுக்கும் வண்டிக்கும் காசு குடுத்துருங்க. எங்க வேலைக்கு நீங்க வேல பாருங்க. ஆனா என்ன வேலன்னு நாந்தாஞ் சொல்லுவேன்.” ஜோசையா வாரனின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. பொருளுக்குப் பணம், உழைப்புக்கு உழைப்பு என்ற அதே பிரிவினை. கூடவே வாரனிடம் இல்லாத ஒரு ஷரத்து: வேலையை நிர்ணயிக்கும் உரிமை அவரிடம்.

முதலில் மண் மிதிக்கச் சொன்னார். ஒரு முற்பகல் முழுக்க மிதித்தேன். குதிகால் எங்கே அழுத்த வேண்டும், கல் காலில் தட்டுப்படுவதை எப்படி அறிவது என்று எதுவும் பிடிபடவில்லை. நான் ஏறி இறங்கிய பிறகு பெரியவர் அதே மண்ணில் மறுபடி இறங்கினார். “நீங்க மிதிச்சத அவரு திரும்ப மிதிக்கிறாரு. இந்தக் கணக்க யாரு பேர்ல எழுதுறது?” என்று கேட்டார் அந்த அம்மா. மார்க்ஸின் ‘சமூகரீதியாக அவசியமான உழைப்பு நேரம்’ எனக்கு அன்றைக்குத்தான் முழங்கால் வலியோடு புரிந்தது. என்னுடைய அந்த மூன்று மணியின் மதிப்பு பூஜ்யம்கூட இல்லை, எதிர்மறை.

கட்டுரை எழுதித் தருவதை அவர் கடைசிவரை கேட்கவே இல்லை. அடுத்ததாகக் கேட்டது, கண்மாயில் மண் எடுக்க அனுமதி கோரும் மனு. எழுதினேன். அவர்களோடு தாலுகா அலுவலகத்துக்கும் இரண்டு நாள் போனேன். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவரும் உட்காரட்டும் என்று நான் சொன்ன பிறகுதான் இன்னொரு நாற்காலி வந்தது. திரும்பும்போது அந்த அம்மா சொன்னார்: “மனு எழுத ஆளு கெடைக்கும் தம்பி. ஒங்கள மாதிரி ஆளு கூட வந்தா ஒக்காரச் சொல்றாக. அதுக்குத்தான் கூப்புட்டேன்.”

இதைத்தான் நண்பர்கள் யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நான் கொடுத்தது எனது ‘நேரம்’ அல்ல, எனது ‘திறமை’யும் அல்ல. எனது சட்டையும் பேச்சும் சாதியும் சேர்ந்து பெற்றுத் தந்த நாற்காலியில் ஒரு பகுதி. அவர் என்னிடமிருந்து சரியாக அதையே எடுத்துக்கொண்டார். மணிக்கணக்கில் அளக்கும் எந்தச் சீட்டிலும் இந்த வரவை எழுதும் இடம் கிடையாது. திறமைகளைப் பரிமாறிக்கொள்வோம் என்கிறபோது, நமது திறமை என்று நாம் நினைப்பதில் எவ்வளவு பகுதி ஏற்கெனவே பிறரிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பணம் இந்தக் கேள்வியை மூடி மறைக்கிறது. நேரப் பரிவர்த்தனை, நாம் அனுமதித்தால், அதைத் திறந்துவிடுகிறது. அதில் எனக்கு மிஞ்சிய நம்பிக்கை இவ்வளவுதான்.

இப்படி ஒரு ஏற்பாட்டைத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து மூன்றைச் சொல்லலாம். பொருட்செலவை நேரத்தோடு குழப்பாமல் பணமாகக் கொடுத்துவிட வேண்டும். விறகுக் கடைக்காரர் உங்கள் கவிதையை வாங்கிக்கொள்ள மாட்டார். என்ன வேலை, எத்தனை, எது போதும் என்பதைக் கையால் செய்கிறவர் சொல்ல வேண்டும். அளக்கிற மரக்கால் இம்முறையாவது கைமாற வேண்டும். எந்த நேரத்திலும் அவர் ‘போதும், காசாகக் கொடு’ என்று சொல்லலாம் என்பது முதலிலேயே பேசப்பட்டிருக்க வேண்டும்.

குதிரை வந்து சேர்ந்தது. சூளையில் இடது பின்னங்காலில் சிறு விரிசல் விட்டிருந்தது. வேறு செய்து தருகிறேன் என்றார் பெரியவர், நான் வேண்டாம் என்றேன். மறு வருடம் ஒரு நண்பருக்காக இன்னொரு குதிரை கேட்டுப் போனபோது அந்த அம்மா திண்ணையிலிருந்தே சொன்னார்: “இந்த வருசம் எங்களுக்கு ஒங்ககிட்ட வேல ஒண்ணும் இல்ல தம்பி. காசாவே குடுத்துருங்க.”

கொடுத்தேன். மாமனார் களத்துமேட்டில் சொல்ல முடியாததை அவர் சொன்னார்.